மூன்று துண்டுகள் கூடும் மூலையில் சுருக்கமும் ஓட்டையும் விழுவது ஏன்?

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்வோம். கனசதுரப் பெட்டிகளை அடுக்கி வைத்ததுபோல் தோன்றும் பேட்ச்வொர்க் போர்வை ஒன்றைத் தைக்கிறீர்கள். ஒவ்வொரு பெட்டியும் மூன்று சாய்சதுரங்கள்: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மேல்மூடிபோல் ஒன்று. தைத்து முடித்தபின் ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம். துணி, பழைய பருத்திச் சேலைகளும் சுடிதார் தைத்ததில் மிஞ்சியவையும். மூன்று துண்டுகளும் கூடும் நடுப்புள்ளியில் சில பெட்டிகளில் சுருக்கம் விழுகிறது, சிலவற்றில் சின்னதாக ஓட்டை தெரிகிறது. காணொளிகளில் சொன்னபடி ஓரத்துக்குக் கால் அங்குலம் முன்பாகவே தையலை நிறுத்துகிறீர்கள். மிஷினை மாற்ற வேண்டுமா, இல்லை கையால்தான் தைக்க வேண்டுமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் கேள்வி அதற்கு முந்தைய வரியிலேயே இருக்கிறது. ஒரே விதியைப் பின்பற்றும் ஒரே கைக்கு, ஒரு பெட்டியில் சுருக்கமும் அடுத்த பெட்டியில் ஓட்டையும் எப்படி வரும்?

பல வருடங்களாகத் தையல் வகுப்பு எடுக்கிறேன். சாய்ந்த மூலைகளைத் தைக்க வரும்போது ஏறக்குறைய எல்லோரும் இந்த இடத்தில் நிற்பார்கள். உங்கள் துணியை நான் பார்க்கவில்லை, அதனால் துணியைப் பற்றிச் சொல்வதில் கொஞ்சம் ஊகம் இருக்கும். மூலையைப் பற்றிச் சொல்வதில் ஊகம் இல்லை, அது வெறும் கணக்கு. "கால் அங்குலம் முன்பாக நிறுத்துங்கள்" என்பது சதுர மூலைக்கான விதி. 90 டிகிரி மூலையில் எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் கால் அங்குலம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். சாய்ந்த மூலையில் அப்படி நிற்காது. காணொளி போடுகிறவர்கள் பெரும்பாலும் புள்ளி குறித்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த வாக்கியத்தைச் சொல்கிறார்கள். புள்ளி அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது, வாக்கியம் மட்டும் நம்மிடம் வந்து சேர்கிறது.

ஒரு துண்டை எடுத்துப் பின்பக்கம் மேலே தெரியும்படி மேசையில் வையுங்கள். உங்கள் வடிவத்தில் நடுவில் கூடுவது சாய்சதுரத்தின் கூர்மையான மூலை அல்ல, விரிந்த மூலை. அதன் அளவு 120 டிகிரி. அப்படி மூன்று சேர்ந்துதான் 360 ஆகிறது. அந்த மூலையின் இரண்டு பக்கங்களுக்கும் இணையாக, கால் அங்குலம் உள்ளே தள்ளி இரண்டு கோடுகள் போடுங்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் தையல் நிற்க வேண்டிய புள்ளி. இப்போது அந்தப் புள்ளியிலிருந்து தையல் கோட்டின் வழியாகவே துணி முடியும் இடம்வரை அளந்தால் 7.3 மில்லிமீட்டர் வரும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர்தான். ஆக, ஊசிக்கு முன்னால் கால் அங்குலத் துணி மிச்சமிருக்கும்போது நிறுத்துகிறவர் புள்ளியைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் போய்விட்டார். அரைத் தையல் அளவுதான், ஆனால் அது மூன்றாவது துண்டு திரும்ப வேண்டிய இடத்தைக் கட்டிப்போட்டுவிடும். அதுதான் சுருக்கம். இனி, மூலை நுனியில் ஸ்கேலை வைத்து, வெட்டிய ஓரத்தின் வழியாகவே கால் அங்குலம் அளந்து, அதற்கு நேர் எதிரில் நிறுத்துகிறவரைப் பார்ப்போம். புள்ளி இருப்பது நுனியிலிருந்து ஏறக்குறைய 3.7 மில்லிமீட்டரில். அவர் 2.7 மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டார். அதுதான் ஓட்டை. சில துண்டுகளில் கண்ணால் பார்த்து நிறுத்தியும், சிலவற்றில் ஸ்கேலால் குறித்தும் தைத்திருந்தால் இரண்டு கோளாறும் ஒரே போர்வையில் வருவதில் வியப்பில்லை. நீங்கள் விதியை மீறவில்லை. இரண்டு விதமாகக் கடைப்பிடித்திருக்கிறீர்கள், இரண்டுமே இந்த மூலைக்குப் பொருந்தாதவை.

அதனால் அளப்பதை விட்டுவிட்டுப் புள்ளியைக் குறியுங்கள். வரைபடத் தாளில் 3 அங்குலப் பக்கமுள்ள, 60க்கு 120 டிகிரி சாய்சதுரம் ஒன்று வரைந்து, நான்கு பக்கமும் வெளியே கால் அங்குலம் சேர்த்து, அதை ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் படியெடுத்து வெட்டுங்கள். அட்டையும் போதும்தான், ஆனால் ஐம்பது துண்டுகளைத் தாண்டினால் அட்டையின் ஓரம் தேய்ந்து அளவு நழுவும். உள்ளே இருக்கும் சாய்சதுரத்தின் நான்கு மூலைகளிலும் சூடாக்கிய ஊசியால் துளை போடுங்கள். பென்சில் நுனி நுழைந்தால் போதும், பெரிய துளை வேண்டாம். ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் இந்த வார்ப்பை வைத்து நான்கு புள்ளிகளையும் குறித்துவிடுங்கள். இதற்குத் தையல் சாக் உதவாது, சாக் கோட்டின் தடிமனே நாம் திருத்தப் பார்க்கும் பிழையைவிட அதிகம். கூராகச் சீவிய பென்சில் நல்லது, அடர்ந்த நிறத் துணிக்கு வெள்ளைக் கலர் பென்சில். பால்பாயின்ட் பேனாவைத் தொடாதீர்கள், அதன் மை துவைக்கும்போது முன்பக்கத்தில் வந்து நிற்கும். சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை. சாயங்காலம் வானொலி கேட்டுக்கொண்டே செய்யலாம்.

புள்ளி சரியாக இருந்தும் மிஷின் அந்தப் புள்ளி வழியாகப் போகாமல் இருக்கலாம். நம் ஊர் மிஷின்களில் பாதத்தின் ஓரம் ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலத்தில் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சோதிக்க எளிய வழி உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று நாடாக்கள் வெட்டிப் பக்கவாட்டில் வரிசையாகத் தைத்து இஸ்திரி போடுங்கள். நடு நாடாவின் அகலம் சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் நீங்கள் ஓரத்தில் அதிகத் துணியை விட்டுத் தைக்கிறீர்கள், கூடினால் குறைவாக விடுகிறீர்கள். சரியான தூரம் கிடைத்ததும் மிஷின் தட்டில் அந்த இடத்தில் ஒட்டுநாடா ஒன்றை நீளவாக்கில் ஒட்டிவிட்டால் துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டு போகும். மிஷின் பற்றிய உங்கள் கேள்விக்குப் பதிலும் இதுதான். மாற்ற வேண்டியதில்லை. பின்னோக்கித் தைக்கும் வசதிகூட இல்லாத பழைய கறுப்புக் கால்மிதி மிஷின் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் கைச்சக்கரத்தைத் திருப்பி ஒவ்வொரு தையலாக நிறுத்த முடியும். அதில் 16ஆம் எண் ஊசி மாட்டியிருந்தால் 11ஆம் எண்ணுக்கு மாற்றுங்கள். பழைய சேலைத் துணியில் தடித்த ஊசி போடும் துளையே ஓட்டைபோல் தெரியும்.

இனித் தைக்கும் வரிசை. இடப்பக்கத் துண்டையும் வலப்பக்கத் துண்டையும் முன்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, ஒரு குண்டூசியை மேல்துண்டின் புள்ளியில் செங்குத்தாகக் குத்தி, கீழ்த்துண்டின் புள்ளி வழியாகவே வெளியே வருகிறதா என்று திருப்பிப் பாருங்கள். அந்த ஊசி நட்டுக்கொண்டு நிற்கட்டும். இரு பக்கமும் வேறு ஊசிகளால் பிடித்தபின் அதை எடுத்துவிடலாம். மிஷின் ஊசியைக் கையால் இறக்கி, நடுப்புள்ளியில் சரியாகக் குத்துங்கள். முதல் இரண்டு மூன்று தையல்கள் 1.5 மில்லிமீட்டர் நீளத்தில், பிறகு 2 மில்லிமீட்டருக்கு மாற்றி வெளிப்பக்கம் நோக்கித் தையுங்கள். பெட்டிகளை அடுத்தடுத்து இணைக்கும்போது வெளி மூலைகளிலும் இதே கூட்டல் வரும் என்பதால் அந்த முனையிலும் புள்ளியோடு நிறுத்துங்கள், ஓரம்வரை ஓட்டிவிடாதீர்கள். நடுவில் தொடங்கி வெளியே போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. துணி கொஞ்சம் நழுவினாலும் அந்தப் பிசகு மூன்று துண்டு கூடும் நடுவில் சேராமல் வெளிமுனைக்குத் தள்ளப்படும். துணியின் நுனி ஊசித் தட்டின் துளைக்குள் உறிஞ்சப்படும் தொல்லையும் இல்லை.

அடுத்து மூடித்துண்டு. இதை ஒரே ஓட்டத்தில் இடமிருந்து வலம் திருப்பித் தைக்க முயலாதீர்கள். அதன் இரண்டு பக்கங்களும் இரண்டு தனித் தையல்கள், நடுவில் நூலை வெட்டிவிட வேண்டும். ஏற்கெனவே இணைத்த ஜோடி மேலேயும் மூடித்துண்டு கீழேயும் இருக்கும்படி வையுங்கள். அப்போதுதான் முதல் தையல் எந்தத் துளையில் தொடங்கியது என்பது கண்ணுக்குத் தெரியும். ஊசி இறங்க வேண்டியது அதே துளையில். அதற்கு முன், முதல் தையலின் ஓரத்துணியை, அதாவது தையலுக்கு வெளியே மிஞ்சி நிற்கும் துணியை, விரலால் வலத்துண்டின் பக்கமாகத் தள்ளிவிடுங்கள். அது ஊசிக்கு அடியில் வரவே கூடாது. இடப்பக்கத்தை வெளிமுனைப் புள்ளிவரை தைத்து முடித்து, நூலை வெட்டி, மூடித்துண்டின் இன்னொரு பக்கத்தை வலத்துண்டின் ஓரத்தோடு சேர்க்கும்போது இடத்துண்டு குறுக்கே மடிந்துகொள்ளும். ஏதோ தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று தோன்றும். அப்படித் தோன்றினால் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். ஓரத்துணியை இப்போது எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டு, மறுபடி அதே துளையில் ஊசியை இறக்கி வெளியே போங்கள்.

இஸ்திரி போடுவதற்கு முன் ஒரு சோதனை. கட்டத்தைக் கவிழ்த்து வையுங்கள். மூன்று தையல்களின் ஓரத்துணிகளும் நடுவில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். கை ஊசி ஒன்றின் மழுங்கிய முனையை ஒவ்வோர் ஓரத்துணிக்கும் அடியில் விட்டு நடுப்புள்ளிவரை தள்ளிப் பாருங்கள். மூன்று பக்கமும் தடையில்லாமல் புள்ளிவரை போனால் முடிந்தது. ஏதோ ஒரு பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் முன்பாகவே முட்டினால், அங்கே ஒரு தையல் ஓரத்துணியையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. முன்பக்கத்தில் சுருக்கம் இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தாலும் அந்த ஒரு தையலைப் பிரித்துவிடுங்கள். இஸ்திரிக்குப் பிறகு அது தெரியத்தான் போகிறது. பிறகு கட்டத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். புள்ளியில் வெளிச்சம் ஒழுகினால் எங்கோ ஒரு தையல் முன்பாகவே நின்றிருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை: புள்ளி இருக்கும் இடம், ஓரத்துணி சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பது, மூன்று தனித் தையல்கள். இனிச் சொல்பவை வேறு ரகம், கைதேர்ந்தவர்களே இதில் ஒத்துப்போவதில்லை. இஸ்திரி போடும்போது மூன்று ஓரத்துணிகளையும் ஒரே சுற்றில், கடிகார முள் போகும் திசையில் படிய வைத்தால் நடுவில் சின்னதாக ஒரு முக்கோணம் விரிந்து தட்டையாக உட்காரும். ஓரத்துணியை எங்கும் பிடிக்காமல் தைத்திருந்தால்தான் அது விரியும் என்பதால் இது ஒரு சோதனையாகவும் பயன்படுகிறது. நான் இதைத்தான் சொல்லித்தருகிறேன். தையலைப் பிளந்து இரு பக்கமும் விரித்து இஸ்திரி போட வேண்டும் என்கிறவர்களும் உண்டு. துணி தடிமனாக இருந்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சேலைத் துணிக்கு அது தேவைப்படாது. புள்ளியில் பின்னோக்கித் தைத்துக் கெட்டி போட வேண்டுமா என்பதிலும் சண்டை உண்டு. கெட்டி போட்டால் தையல் பிரியாது, ஆனால் பின்னால் போய் முன்னால் வரும்போது மிஷின் ஒரு தையல் தாண்டிவிடும் ஆபத்து இருக்கிறது. நான் தொடக்கத்தில் சின்னத் தையல்களைப் போட்டு, நூல் முனையை விரல் நீளத்துக்கு விட்டுவிடுவேன். மூன்று தையலும் முடிந்தபின் அந்த முனைகளைப் பின்பக்கத்தில் முடிச்சிடலாம். கெட்டி போட்டுப் பழகிய கைக்கு அதுவே வசதியாக இருந்தால் மாற்றிக்கொள்ளக் காரணமில்லை.

ஒரு யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். மூலையில் சுருக்கம் விழுந்தால் ஓரத்துணியைக் கத்தரிக்கோலால் புள்ளிவரை வெட்டிவிடச் சொல்வார்கள். கழுத்துப்பட்டி வைக்கும்போதும், ஒரே துண்டில் உள்வாங்கிய மூலை இருக்கும்போதும் அது அவசியம். இங்கே உள்வாங்கிய மூலை இரண்டு தனித்துண்டுகளால் ஆனது, தையல் புள்ளியோடு நின்றிருந்தால் அவை ஏற்கெனவே பிரிந்துதான் இருக்கின்றன. வெட்டுவதால் கிடைப்பது நூல் பிரியும் மூலை ஒன்றுதான், அதுவும் பல வருடம் உடுத்தித் துவைத்த சேலையில்.

துணிக்கு வருகிறேன். சாய்சதுரத்தை நாடாவிலிருந்து வெட்டும்போது அதன் இரண்டு பக்கங்கள் இழைக்கு நேராகவும் மற்ற இரண்டு சாய்வாகவும் விழும். அந்தச் சாய்ந்த பக்கம் முழு கிராஸ் (இழைக்கு 45 டிகிரி சாய்வு) இல்லை, ஆனால் கையில் பிடித்து இழுத்தால் நீளும் அளவுக்குக் கிராஸ்தான். இத்தாலியின் பண்டைய பாம்பேயி நகரில் ஃபான் வீடு என்று அழைக்கப்படும் மாளிகையின் தரையில் இதே பெட்டித் தோற்றத்தை மூன்று நிறக் கற்களில் பதித்திருக்கிறார்கள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த தரை அது. அந்தக் கொத்தனாருக்குக் கல் இழுபடாது என்ற வசதி இருந்தது, நமக்கு இல்லை. சேலைத் துணி மெலிது, சுடிதார்த் துணி அதைவிடக் கெட்டி. இரண்டையும் சேர்த்துத் தைக்கும்போது ஒரே அளவில் வெட்டிய பக்கங்கள் தையல் முடிவில் ஒரே அளவில் இருக்காது. உங்கள் சுருக்கங்களில் சில இதனால் வந்தவையாக இருக்கலாம் என்பது என் ஊகம். அப்படியானால் சுருக்கம் புள்ளியில் மட்டும் நிற்காமல் தையலின் நீளத்துக்கும் சிறு அலைபோல் இருக்கும். பின்பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. வெட்டுவதற்கு முன் சேலைத் துணியை நீர்த்த கஞ்சியில் நனைத்து உலர்த்தி, லேசான ஈரத்தில் இஸ்திரி போடுங்கள். துணி தாள்போல விறைக்கும், கிராஸ் பக்கமும் அடங்கியிருக்கும். வெட்டிய பிறகு கஞ்சி போட்டால் வடிவம் கோணிவிடும் என்பதால் வரிசையை மாற்றாதீர்கள். சாயம் போகும் துணியா என்று இந்த நேரத்திலேயே தெரிந்துவிடும், அதுவும் லாபம். போர்வை முடிந்ததும் கஞ்சியை அலசி எடுத்துவிட வேண்டும், அலமாரியில் பூச்சிகளுக்கு அது விருந்து. மிஷினில் வைக்கும்போது நீளும் துண்டு கீழே, பற்களின் பக்கம் இருக்கட்டும். கீழ்த்துணியைப் பற்கள் சற்று அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்வதால் மிகுதி தானாக அடங்கும். மூடித்துண்டைத் தைக்கும்போது நான் சொன்ன மேல் கீழ் வரிசையோடு இது சில சமயம் முரண்படும். முரண்பட்டால் புள்ளி கண்ணுக்குத் தெரிவதையே தேர்ந்தெடுங்கள், நீளும் பக்கத்தைக் கூடுதல் குண்டூசிகளால் சமாளிக்கலாம். இஸ்திரிப் பெட்டியைத் துண்டுகளின்மேல் தேய்த்து இழுக்காமல் எடுத்து எடுத்து வையுங்கள்.

கையால் தைத்தால் சரியாகுமா என்று கேட்டீர்கள். ஆகும், எளிதாகவே ஆகும். கையால் தைக்கிறவர் இயல்பாகவே புள்ளியில் தொடங்கிப் புள்ளியில் நிறுத்துகிறார், ஓரத்துணிக்குள் போக அவருக்குக் காரணமே இல்லை. ஓட்டுத்தையலே போதும், நாலைந்து தையலுக்கு ஒருமுறை ஒரு பின்தையல் போட்டால் பிடிமானம். இன்னும் பழைய வழி ஒன்று உண்டு. ஓரத்துணி இல்லாத அசல் அளவில் தாளை வெட்டி, துணியை அதன்மேல் மடித்து இழையோட்டி, மடித்த விளிம்புகளை நுண்ணிய தையலால் ஒன்றோடொன்று பிணைப்பது. இங்கிலாந்தில் காலம் பொறிக்கப்பட்ட ஒட்டுத்துணி விரிப்புகளில் மிகப் பழையதாக அறியப்படுவது 1718ஆம் ஆண்டின் பட்டு விரிப்பு. அது இந்த முறையில் செய்யப்பட்டதுதான், உள்ளே வைத்த தாள்கள் இன்னும் அதில் இருக்கின்றன. அந்நாட்டின் குயில்ட் கலைஞர் சங்கம் அதைப் பாதுகாக்கிறது. இந்த முறையில் சாய்மூலைப் பிரச்சினை எழவே எழாது, ஏனென்றால் ஒவ்வொரு விளிம்பும் தனித்தனியாகத்தான் இணைகிறது. ஆனால் ஒரு முழுப் போர்வைக்கு மாதக்கணக்கில் ஆகும். உங்களுக்கு அவசரமில்லை என்றால், பேருந்திலும் மருத்துவமனை வரிசையிலும் செய்யக்கூடிய வேலை.

மிஷினிலேயே தைத்தாக வேண்டும், புள்ளி குறிக்கப் பொறுமை இல்லை என்றால் மூலையையே தவிர்க்கும் வழியும் இருக்கிறது. இதைக் குறுக்குவழி என்று சிலர் முகம் சுளிப்பார்கள், எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது. மூடித்துண்டை அதன் குட்டையான மூலைவிட்டத்தில் இரண்டாகப் பிரித்தால் இரண்டு சமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். அப்போது முழுப் போர்வையையும் செங்குத்தான பட்டைகளாகப் பார்க்கலாம். இடத்துண்டுகளும் முக்கோணங்களும் கலந்த பட்டை ஒன்று, வலத்துண்டுகளும் முக்கோணங்களும் கலந்த பட்டை அடுத்தது. பட்டைக்குள் எல்லாம் நேர்த்தையல், பட்டைகளை இணைப்பதும் நேர்த்தையல். உங்கள் 3 அங்குலப் பக்கத்துக்குச் சாய்சதுரம் வெட்டும் நாடாவின் அகலம் 3.1 அங்குலம், முக்கோணம் வெட்டும் நாடா 3.35 அங்குலம், அதாவது 7.9 மற்றும் 8.5 சென்டிமீட்டர். 3 அங்குலத்தோடு அரை அங்குலம் கூட்டி மூன்றரை என்று வெட்டினால் சாய்சதுரம் பெரிதாகிவிடும், 3 என்பது பக்கத்தின் நீளம், நாடாவின் அகலம் அதைவிடக் குறைவு. இந்த வழியில் இழப்பது ஒன்று: மூடியின் நடுவில் ஒரு தையல் கோடு ஓடும். ஒற்றை நிறத் துணியில் கண்ணில் படாது. பெரிய பூ போட்ட துணியில் பூ வெட்டுப்படும்.

துண்டுகளை இணைக்காமலேயே ஒட்டுப்போர்வை செய்யும் மரபுகளும் உண்டு. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவண்டிப் போர்வையில், அடித்துணியின் வெளி ஓரத்தில் தொடங்கி, மடித்த விளிம்புள்ள துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, ஓட்டுத்தையலாலேயே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். மூன்று துண்டு ஒரு புள்ளியில் கூட வேண்டிய கட்டாயமே அதில் இல்லை. நீங்கள் விரும்பும் பெட்டித் தோற்றம் அதில் இவ்வளவு கூர்மையாக வராது, ஆனால் சேலைத் துணிக்கு அதுபோல் இணக்கமான வேலை வேறு இல்லை. அடுத்த போர்வைக்கு யோசித்துப் பாருங்கள்.

அடுத்து எட்டுமுனை நட்சத்திரம் தைக்க ஆசை என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அங்கே சாய்சதுரத்தின் கோணங்கள் 45, 135. கூர்முனைகள் எட்டும் நடுவில் சேரும், விரிந்த மூலைகளுக்கு இடையில் சதுரங்களும் முக்கோணங்களும் பதிய வேண்டும். தையல் கோட்டின் வழியாகப் புள்ளிக்கும் துணி ஓரத்துக்கும் உள்ள தூரம் அங்கே 9 மில்லிமீட்டர். ஆகவே கால் அங்குல விதியை நம்பினால் 2.6 மில்லிமீட்டர் தாண்டிவிடுவீர்கள், இப்போதைய பிழையைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். பக்கங்களில் இரண்டு முழு கிராஸ் வேறு. வெளிப்பக்கப் புள்ளியில் நிறுத்துவது கட்டாயம். நடுவில் ஓரம்வரை தைக்கலாமா, அங்கும் புள்ளியில் நிறுத்த வேண்டுமா என்பதில் ஆளுக்கு ஒரு பழக்கம். எட்டு ஓரத்துணிகள் நடுவில் மேடு கட்டுவதைத் தவிர்க்க நான் நிறுத்துவேன். சதுரத்தைக் குறுக்கே வெட்டிய முக்கோணங்களை இணைத்தும் இதேபோன்ற நட்சத்திரம் வரும், சாய்மூலை இல்லாமல். ஆனால் அதில் முனைகளின் நான்கு பக்கமும் சமமாக இருக்காது, நீளப் பக்கம் 1.4 மடங்கு. அருகருகே வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஏற்கெனவே தைத்து வைத்த பெட்டிகளைப் பிரித்து எறிய வேண்டாம். சுருக்கம் விழுந்தவற்றில் புள்ளிக்கு அருகே முதல் ஒன்றிரண்டு தையல்களை மட்டும் பிரித்து, நூல் முனையைப் பின்பக்கத்தில் முடிச்சிட்டு, ஈரம் தெளித்து இஸ்திரி போடுங்கள். பெரும்பாலும் அத்தோடு சரியாகிவிடும். ஓட்டை உள்ளவற்றில் கை ஊசியைப் பின்பக்கமிருந்து மூன்று துண்டுகளின் புள்ளிகள் வழியாகவும் ஒரு சுற்று விட்டு மெல்ல இழுத்து, இன்னொரு சுற்று போட்டு முடியுங்கள். நூல் துணி நிறத்தில் இருக்கட்டும். பிறகு 3 அங்குலப் பக்கமுள்ள அறுகோணம் ஒன்றைத் தாளில் வரைந்து, சுற்றிலும் கால் அங்குலம் சேர்த்து, ஒவ்வொரு பெட்டியையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகுபவற்றைப் போர்வையின் நடுவில் சேர்க்காமல் தனியே எடுத்து வையுங்கள். நான்கு ஓரங்களையும் நேராக்கும்போது வெளிவரிசைப் பெட்டிகளில் பலவற்றை எப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டியிருக்கும், அங்கே அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.